நூற்றுப் பதினேழாம் எண் சமையலறை

பூமி இன்றுவரை உருண்டு கீழே விழாமல் இருப்பதற்கு ஒரே காரணம், உலகத்து வங்கிகள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என்று திருவேங்கடம் சொன்னார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கையாகப் பேச வராது. முயன்று பார்த்ததாகவும் யாருக்கும் தகவல் இல்லை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் செய்தித்தாளும் இன்னொரு கையில் காபி டம்ளருமாக, நெடுநாள் ஆராய்ந்து முடிவுக்கு வந்தவரின் நிதானத்தோடு சொன்னார்.

"ஒரு பேங்க் வாயைத் திறந்தா ஒரு தெரு அழும். நாலு பேங்க் திறந்தா ஒரு ஊர் அழும். எல்லாம் சேர்ந்து திறந்துதுன்னா, சைதன்யா, சமுத்திரம் எழுந்து டாலிகஞ்ச் வரைக்கும் வந்துடும்."

"இதை நான் வெளியில சொல்லலாமாப்பா? இல்லே இதுவும் ரகசியமா?" என்றாள் மகள்.

திருவேங்கடம் யோசித்தார். "பேர் போடாம சொல்லலாம்."

முப்பது வருஷத்துக்கு மேல் அவர் ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்தவர். எந்த வங்கி என்று சொல்லமாட்டார். இந்தக் கதையும் அவர் விருப்பத்துக்குக் கட்டுப்படுகிறது. வேலையில் சேர்ந்த அன்று, விசுவாசமும் ரகசியமும் காப்பதாக ஒரு காகிதத்தில் எல்லோரையும் போல அவரும் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் போட்டுவிட்டு கேண்டீனுக்குப் போனார்கள். திருவேங்கடம் அதைத் தாலி கட்டியதற்குச் சமமாக எடுத்துக்கொண்டார். நிஜத் தாலி அதற்கப்புறம்தான் வந்தது. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தி, லேக் மார்க்கெட்டில் மனைவி பாகீரதி கத்திரிக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தவள் மூலமாக வீட்டுக்கு வந்தது. அவர் ஓய்வு பெற்றது, ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் நேரம் தாண்டியும் வேஷ்டியிலேயே இருந்ததைப் பார்த்துத் தெரியவந்தது. "என்ன, லீவா?" என்று கேட்டாள் பாகீரதி. "ஒரு விதத்துல" என்றார்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த பெண், பெரிய வங்கிகளின் வாயைத் திறக்க வைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். தேசம் தேசமாகக் கடன் கொடுக்கும் வங்கிகள், எந்த ஊரில் எதற்குக் கொடுக்கிறோம், அதனால் யார் வீடு போகும் என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்று கேட்கிற அமைப்பு அது. கல்கத்தாவின் டாலிகஞ்சில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை; ஆட்களை விட நாற்காலி ஒன்று குறைவு. அவர்கள் கடிதம் எழுதும் வங்கிகளுக்கோ, கட்டடத்துக்குள்ளே தோட்டமும் தோட்டத்துக்குள்ளே அருவியும் இருந்தன.

"உன் பொண் என்ன பண்றான்னு கேக்கறவாகிட்ட டீச்சர்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் திருவேங்கடம்.

"தூர், அப்பா!" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டாள் சைதன்யா. "என்ன சப்ஜெக்ட் டீச்சர்?"

"அதை நான் வெளியில சொல்றதில்லே."

அவர்கள் வீடு கால்வாய்க் கரையில் இருந்தது. முன்கதவு சந்துப் பக்கம் பார்க்கும். பின்னால் சமையலறை கால்வாயைப் பார்க்கும். வெய்யில் காலத்தில் கால்வாய் கறுப்பாக, நகராமல், தன் வாசனையை மட்டும் வீட்டுக்குள் அனுப்பும். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை இலைகளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்து சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்க்கும். கரையோரம் இரண்டு பக்கமும் வீடுகள். ஓடு, தகரம், ஆஸ்பெஸ்டாஸ், நடுவில் இவர்களைப் போல் நாலைந்து சிமெண்ட்டுக் கூரை. இரண்டு வீடு தள்ளிப் பன்னீர்செல்வம், சினிமா ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிறவர், ஆற்காட்டுப் பக்கம். அவர் மனைவி பாப்பா. அவர்களுக்கு எதிர்க்கரையில் மீன் வெட்டுகிற ஷிபானி; கரை முழுக்க அவளைப் பௌதி, அண்ணி, என்றுதான் கூப்பிடும். ஷிபானியின் அரிவாள்மணைச் சத்தம் கேட்டால் பாகீரதி ஜன்னலை ஒருக்களித்துச் சாத்துவாள், சாத்திக்கொண்டே "இன்னிக்கு என்ன மீன் பௌதி, ருயியா?" என்று விசாரிப்பாள். ஆசாரம் வேறு, அக்கம்பக்கம் வேறு.

இந்தக் கால்வாயை அகலப்படுத்திச் சுத்தம் செய்யத்தான் அந்தப் பெரிய வங்கிகளில் ஒன்று கடன் கொடுத்திருந்தது.

சித்திரை வெய்யிலில் ஒரு நாள் பின்பக்கம் அளவு நாடாவோடு ஒரு பையன் நின்றான். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பாகீரதி ஜன்னல் வழியாக, "கீ சாய், பாபா?" என்று, என்ன வேண்டும் என்பதை வங்காளத்தில் கேட்டாள். அவன் நிமிர்ந்து, "மாமி, கொஞ்சம் தீர்த்தம் கிடைக்குமா?" என்றான்.

அவ்வளவுதான். கல்கத்தாவில் நாற்பது வருஷமாக இருக்கிற ஒரு பெண்ணிடம், வெய்யிலில் நின்றுகொண்டு, தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்தக் கோட்டைக் கதவும் நிற்காது. வேறு யாராக இருந்தாலும் அளவு நாடா எதற்கு என்று கேட்டிருப்பாள். இவனிடம் ஊர் எது என்று கேட்டாள். பெயர் அபினவ், மாம்பலம், திட்டத்துக்குக் கன்சல்டன்ட். சமையலறைக்கு உள்ளேயே கூப்பிட்டு, அந்த ஸ்டூலிலேயே உட்கார வைத்து, லேக் மார்க்கெட்டில் அரைத்த பொடியில் காபி போட்டுக் கொடுத்தாள்.

"இப்படி ஒரு காபி ஹௌராவில இறங்கினதுலேர்ந்து குடிக்கலை மாமி."

"இன்னொரு டம்ளர் தரட்டுமா?"

அவள் இரண்டாவது டம்ளர் கலந்து முடிப்பதற்குள் அவன் சமையலறையை நீளம், அகலம், உயரம் அளந்துவிட்டான். நாடாவின் இன்னொரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் பின்சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் எண் இருந்தது: 117.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு முழுக்கப் போகுமா, சமையலறை மட்டுமா, சுவர் மட்டுமா, இல்லை சும்மா எண்ணிக்கைக்காகப் போட்டதா? கரை முழுக்க எண்கள். பன்னீர்செல்வத்தின் தகரக் கதவில் ஒன்று, ஷிபானியின் அரிவாள்மணைத் திண்டில் ஒன்று. பாகீரதி வத்தக்குழம்பைக் கிளறும்போது சுவரைத் திரும்பிப் பார்ப்பாள். புளி வாங்கப் போனால் ஒரு மாசத்துக்கு வாங்குவதா, ஒரு வாரத்துக்கா என்று நின்றுவிடுவாள்.

"பேங்க் ஆபீசர்தானே நீங்க? ஒரு வார்த்தை விசாரிக்கப்படாதா?"

"பேங்கை விசாரிக்கறதா? பாகீரதி, பேங்க் நம்மை விசாரிக்கும்."

சைதன்யாவின் அமைப்பு வங்கிக்கு எழுதியது. பதில் வந்தது. திட்ட அறிக்கை வங்கியின் வலைத்தளத்தில், ஆங்கிலத்தில், முழுமையாக வெளியிடப்பட்டுள்ளது. ஒவ்வொரு வீட்டின் விவரமும் அடங்கிய பின்னிணைப்பு மட்டும், வீட்டுக்காரர்களின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, வெளியிடப்படவில்லை.

சைதன்யா அதைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினாள். திருவேங்கடம் மோர்ச்சாதக் கையை அப்படியே நிறுத்திவிட்டார். கண்கள் விரிந்தன.

"இன்னொரு தரம் படி."

படித்தாள்.

"என்ன கை, இதை எழுதின கை!" என்றார். குரல் தழதழத்தது. "நம்ம வீட்டு விவரத்தை நம்மகிட்டேர்ந்து நமக்காகவே காப்பாத்தறா. நான் சர்வீஸ்ல இருந்த காலத்துல 'சொல்ல எனக்கு அதிகாரமில்லே'ன்னு ஒரே ஒரு வாக்கியம்தான் வெச்சிருந்தேன். அதையே எல்லாரும் மெச்சுவா. இது அதுக்கு மேலே எங்கேயோ போயிடுத்து. இதை எழுதினவனை நேர்ல பாத்தா கையெடுத்துக் கும்பிடுவேன்."

"அப்பா, அது உன் வீடு."

"அதனாலதான் சொல்றேன். இவ்வளவு ஜாக்கிரதையா நானே காப்பாத்தியிருக்க மாட்டேன்."

பாகீரதி ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"என் சமையல் உள் எனக்கு ரகசியமா?" என்றாள், சமையலறையைக் கண்ணால் காட்டி. "அடுப்புக்குப் பின்னாடி எத்தனை பல்லி குடித்தனம் பண்றதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு டேப்பைப் பிடிச்சவளே நான். சைதன்யா, அவா வந்து கரைக்காராளைப் பாக்கப் போறான்னியே, என்னிக்கு?"

"ஸ்ராபண மாசம், நம்ம ஆடியில. பாரா கிளப்ல, நம்ம பேட்டைப் பசங்க கிளப்ல, மீட்டிங். லிஸ்டைக் கேட்டா இதே பதிலைத்தான் சொல்லுவா."

"கேக்க வேண்டாம்" என்றாள் பாகீரதி. "நம்ம அந்தரங்கத்தைத்தானே காப்பாத்தறா? நாமளே அதை எழுந்து நின்னு சொல்லிட்டா, அப்புறம் அவாளுக்குக் காப்பாத்த என்ன இருக்கு?"

சைதன்யா அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய அமைப்பு ஒரு வருஷமாக எழுதின கடிதங்கள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

பாகீரதியிடம் ஒரு படை இருந்தது. லேக் கார்டன்ஸ் மாமிகள் பத்துப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை தோறும் கூடிப் பாராயணம் செய்கிற கோஷ்டி. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் ஒரே சுருதியில் திருப்பிச் சொல்வார்கள். எடுத்துக் கொடுப்பவளின் தொண்டை நின்றால் பக்கத்தில் இருப்பவர் எடுக்க வேண்டும். நடுவில் மௌனம் விழக் கூடாது. ஆரம்பித்தால் முடிகிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது. மழை, கரண்ட் கட், மருமகள் போன், எதுவும் அவர்களை நிறுத்தியதில்லை.

திட்டம் இதுதான். கரையில் உள்ள ஒவ்வொருவரும் எண் வரிசைப்படி எழுந்து தன் எண்ணையும் தன் வீட்டையும் சொல்வார்கள். மெல்லிய குரல்களை வங்கிக்காரர்கள் கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருந்துவிடக் கூடாது என்பதற்காக, கோஷ்டி ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லும். சைதன்யா அதை ஆங்கிலத்தில் சொல்வாள்.

திருவேங்கடத்துக்கு இதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

"வீட்டு விஷயத்தை வீதியில கூவறது. அதுக்கு ஒரு ராகம் வேற. நாளைக்குக் கக்கூஸ் எந்தத் திசையில இருக்குன்னு பல்லவி எடுப்பேளா?"

"அது அனுபல்லவில வரும்ணா" என்றாள் பாகீரதி.

பயிற்சி இவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. திருவேங்கடம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு அவர் சொல்படி சாத்திக்கொள்ளவில்லை. மழை ஈரத்தில் ஊதி, ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது. அந்த இடைவெளியில் எல்லாம் கேட்டது.

"என் வூட்ல சொல்றதுக்கு இன்னா இருக்குதும்மா?" என்றாள் பாப்பா. "நாலு தகரம். ஒரு கட்டில். மழை வந்தா கட்டிலுக்கு மேல ஒரு பிளாஸ்டிக்கு."

"அதான் வேணும். அப்படியே சொல்லு."

"வெக்கமா இருக்குதே."

"இவரு அளந்தாரு பாருங்க" என்றாள் அவளே உடனே, வெட்கத்தை மறந்து, புருஷனைக் காட்டி. "ஸ்டூடியோ கேபிளைக் கொண்டாந்து அளந்தாரு. டேப்பு இல்ல. மூணு கேபிள் நீளம், ரெண்டு கேபிள் அகலம்னாரு. ஏய்யா, ஒரு கேபிளு எத்தன அடின்னு கேட்டா, அது ஹீரோவைப் பொறுத்துதுங்கறாரு!"

கூடம் சிரித்தது. பன்னீர்செல்வம், "க்ளோசப்புன்னா சின்ன கேபிளுங்க, பாட்டு சீன்னா பெருசு" என்று விளக்கினார்.

ஷிபானி தன் முறையை வங்காளத்தில் சொன்னாள். கதவு இடுக்கில் திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டார். ஏனென்றால் கோஷ்டி அதை அப்படியே திருப்பிச் சொன்னது: நான் மீன் வெட்டுகிற திண்டு, கிழக்குப் பக்கம் தாழ்வு, ரத்தம் அந்தப் பக்கம் வழியும். வெங்காயம்கூடச் சேர்க்காத பன்னிரண்டு வாய்கள், சுத்தமான வங்காளத்தில், கோயில் சுருதியில்.

"பௌதி, சுருதி சரியா?" என்று ஒரு மாமி கேட்டாள்.

"மாகோ!" என்றாள் ஷிபானி. "என் மீனுக்கு மோட்சம் கிடைத்துவிட்டது."

கூட்டம் நடந்த அன்று விடியற்காலையிலிருந்து மழை. பாரா கிளப் அறையில் கேரம் போர்டைச் சுவரோடு சாய்த்துவிட்டு, மேஜை போட்டு, அதன் மேல் துர்கா பூஜைக்கு வாங்கின சிவப்பு விரிப்பை விரித்திருந்தார்கள். பின்பக்கம் கிளப் பையன்கள் பெரிய அண்டாவில் அரிசியும் பருப்புமாகக் கிச்சுரி கிண்டிக்கொண்டிருந்தார்கள்; மழை நாளில் அதைத் தவிர வேறெதுவும் அந்த ஊரில் வேகாது. அறை நிரம்பி, தாழ்வாரம் நிரம்பி, கால்வாய்ப் படிகளில் குடைகள் நின்றன. திருவேங்கடம் வந்திருந்தார். பாகீரதிக்குக் குடை பிடிப்பதற்காக மட்டும் என்று வழியில் மூன்று பேரிடம் தெரிவித்திருந்தார். வெளித் தாழ்வாரத்தில் தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

வங்கியிலிருந்து வந்தவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள், பக்கத்தில் அபினவ். அம்மாள் முன்னால் தடிமனான ஒரு நீலக் கோப்பு. வணக்கம் சொன்னார், கால்வாய் எவ்வளவு அழகாகப் போகிறது என்று சொன்னார், பின்னிணைப்பைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே, அதை வெளியிடத் தனக்கு அதிகாரமில்லை என்றார்.

சைதன்யா, "நாங்கள் கேட்கவில்லை" என்றாள் ஆங்கிலத்தில். "சொல்ல வந்திருக்கிறோம்."

பாகீரதி எழுந்து முதல் எண்ணை எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் எழுந்தவர் ஒரு பீடி சுற்றும் கிழவர். "ஒன்று" என்றார். கோஷ்டி, "ஒன்று" என்றது. "ஓட்டுக் கூரை. ஒரு அறை. வாசலில் மாதுளை, இதுவரை காய்க்கவில்லை." காய்க்காத மாதுளையைப் பன்னிரண்டு பெண்கள் நீட்டி இழுத்துச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது எண் எழுந்தது. மூன்றாவது. பத்தாவது எண்ணுக்கு வரும்போது சிரிப்பு இல்லை. இருபதுக்கு வரும்போது கிச்சுரி கிண்டுகிற பையன் கரண்டியை எடுத்துவிட்டு நின்றான்.

திருவேங்கடம் தூணில் சாய்ந்திருந்தவர் எப்போது நிமிர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றுமில்லாத விஷயம். கதவு எந்தப் பக்கம் திறக்கும். எந்தச் சுவரில் ஈரம் ஏறும். விளக்கு மாடம் இருக்கிற இடம், தையல் மெஷின் இருக்கிற இடம், அம்மா செத்துப்போன கட்டில். அதைத் திருப்பிச் சொன்ன குரல்கள் மட்டும் ஒரே சுருதியில், ஒரே மரியாதையில், ஓட்டு வீட்டுக்கும் தகர வீட்டுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கரையில் அவர் பிறந்ததிலிருந்து நடந்திருக்கிறார். அது இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. இத்தனை பேர் இத்தனை வருஷமாக உள்ளே இருந்திருக்கிறார்கள் என்பது, கோபுரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்த மாதிரி, அவருக்குக் கழுத்தில் வலித்தது. மழை பெய்துகொண்டிருந்தது, மழைச் சத்தம்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டது போலிருந்தது.

அப்போதுதான் அதைக் கவனித்தார். ஒவ்வொரு எண் எழும்போதும் அந்த அம்மாள் கோப்பில் ஒரு பக்கம் புரட்டினார். மாதுளைக்குப் புரட்டினார், தையல் மெஷினுக்குப் புரட்டினார். எல்லாம் அதில்தான் இருந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை.

பாப்பா எழுந்தாள். நாலு தகரத்தைச் சொன்னாள், பிளாஸ்டிக்கைச் சொன்னாள். கேபிளைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "எனக்கு இன்னா போவுது இன்னா நிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டா, அதுக்குத் தக்கன நான் பாத்துக்குவேன்" என்று முடித்தாள். கோஷ்டி அதையும் திருப்பிச் சொன்னது, ஆற்காட்டுத் தமிழில், ஓர் எழுத்துக் குறையாமல்.

தாழ்வாரத்தில் அவர் முழங்கையை யாரோ தொட்டார்கள். அபினவ்.

"மாமா, சித்த இப்படி வாங்கோ." குரலைத் தாழ்த்தினான். "மாமி கையால காபி சாப்பிட்டவன் நான். எனக்கும் மனசு கேக்கலை. நீங்களும் பேங்க்ல இருந்தவர்னு சொன்னா. உங்களுக்கு எப்படி நடந்துக்கணும்னு தெரியும். உங்க நம்பர் பக்கத்தை என் போன்ல வெச்சிருக்கேன். உங்களுக்கு மட்டும் காட்டறேன். பாத்துட்டு மறந்துடுங்கோ."

திருவேங்கடம் அந்தப் பையனைப் பார்த்தார். நல்ல பையன். குழைவான பேச்சு. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு கண்ணாடியில் இந்த முகத்தைப் பார்த்த ஞாபகம் வந்தது. போன் கையில் இருந்தது. கட்டைவிரல் திரைமேல் தயாராக இருந்தது. ஒரு தரம் குனிந்தால் போதும். புளி எத்தனை மாசத்துக்கு வாங்கலாம் என்று இன்று மத்தியானமே பாகீரதியிடம் சொல்லிவிடலாம். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால், சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்று சொல்லலாம். எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கும்!

அவர் குனியப் போனார். குனியவும் ஆரம்பித்துவிட்டார்.

"பன்னீர்செல்வத்துக்கும் காட்டுவியோ?" என்று பாதி வழியில் கேட்டார்.

"அது எப்படி மாமா? அவாளுக்கெல்லாம் காட்ட ஆரம்பிச்சா..."

உள்ளே பாகீரதியின் குரல் அடுத்த எண்ணை எடுத்துக் கொடுத்தது. "நூற்றுப் பதினேழு."

கோஷ்டி திருப்பிச் சொன்னது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

திருவேங்கடம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாகீரதி நின்றுகொண்டிருந்தாள். நூறு வீட்டை எடுத்துக் கொடுத்த தொண்டை. வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. கையால் ஏதோ காட்டினாள்: சதுரமாக, ஜன்னல் போல. மறுபடி முயன்றாள். பக்கத்து மாமி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சமையலறையில் காபி குடித்த பழக்கம் உண்டு; ஆனால் அது அவள் வீடு இல்லை. கோஷ்டியின் சரித்திரத்தில் முதல் முறையாக நடுவில் மௌனம் விழுந்தது. அந்த அம்மாளின் விரல் கோப்பில் ஒரு பக்கத்தின் மேல் காத்திருந்தது.

"மாமா, சீக்கிரம்" என்றான் அபினவ், போனை நீட்டி.

"சித்த பிடிச்சுக்கோ" என்று திருவேங்கடம் அவன் இன்னொரு கையில் குடையைக் கொடுத்தார்.

உள்ளே போனார். மனிதர்களுக்கு நடுவில் வழி விலகியது. பாகீரதிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நின்ற பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குடை வேறு இல்லை.

"சமையல் உள்" என்றார். வங்கியில் லாக்கர் அறையில் பேசுகிற குரல்.

கோஷ்டி ஒரு கணம் திகைத்தது. பிறகு, "சமையல் உள்" என்றது.

"கிழக்கே ஒரு ஜன்னல். ஜன்னல்லேர்ந்து கால்வாய் தெரியும்."

"கிழக்கே ஒரு ஜன்னல்..."

"ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டூல். அதுல நான் கார்த்தால உக்காந்துப்பேன்." நிறுத்தினார். அறை முழுக்க அவரையே பார்த்தது. பாகீரதியும் பார்த்தாள். "பேப்பர் படிக்கறதா பாவனை பண்ணுவேன். படிக்கறதில்லே. இவ அடுப்புகிட்ட நின்னுண்டு காக்காகிட்டயும் ஷிபானிகிட்டயும் பேசிண்டிருப்பா. அதைக் கேட்டுண்டிருப்பேன்."

பேப்பர் படிக்கறதா பாவனை பண்ணுவேன், படிக்கறதில்லே என்பதைப் பன்னிரண்டு மாமிகள் ஒரே சுருதியில், கண்ணை மூடிக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி திருப்பிச் சொன்னார்கள். சைதன்யா ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி சொன்னாள். அந்த அம்மாள் கோப்பில் இருந்த பக்கத்தைப் பார்த்தார். நீளம் இருந்தது, அகலம் இருந்தது, உயரம் இருந்தது. ஸ்டூல் இல்லை போலிருக்கிறது. பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதினார்.

"நூற்றுப் பதினேழு போகிறதா நிற்கிறதா என்பது உங்கள் கையில் உள்ள கோப்பில் இருக்கிறது" என்றார் திருவேங்கடம். இதை ஆங்கிலத்திலேயே, நேராக அவரிடம் சொன்னார். "எனக்கு மட்டும் தெரிய வேண்டாம். ஒன்றிலிருந்து படியுங்கள். என் எண் வரும்போது வரட்டும். உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் முப்பது வருஷம் இல்லாமல்தான் இருந்தேன்."

மழை கொஞ்சம் நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம், அண்டாவில் கிச்சுரி கொதிக்கிற சத்தம். தாழ்வாரத்தில் அபினவ் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் போனுமாக, இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கோப்பை மூடினார். மூடிய கோப்பின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு திறந்து, முதல் பக்கத்துக்குப் போய், ஒன்றாம் எண்ணைப் படிக்க உதட்டைப் பிரித்தார். முதலில் வந்த குரல் மிகவும் சின்னது.

"ஜோரே! சத்தமாக! கேட்கவில்லை!" என்று பின்னாலிருந்து ஷிபானி கத்தினாள்.

அது அந்த அம்மாளுக்குச் சொன்னது. திருவேங்கடம் தனக்கென்று நினைத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சமையல் உள்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.